அளவு ஜாக்கெட்

அந்தக் கட்டைப்பையை மட்டும் கால்கிட்ட வைக்காதீங்கம்மா, உள்ள ஆல்பம் இருக்கு. இப்படிக் குடுங்க, மடியிலயே வெச்சுக்கிறேன். கல்யாண ஆல்பம். என் தங்கச்சி கல்யாணம். கம்பத்துலதான் கட்டிக் குடுத்திருக்கு. நீங்க உத்தமபாளையமா? அப்ப எனக்கு முன்னாடியே இறங்கிருவீங்க. சன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க, எனக்கு வெயில் ஆகாது.

கல்யாணம் முடிஞ்சு இருபத்திரெண்டு நாளாச்சு. இந்த இருபத்திரெண்டு நாள்ல எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல அவ. மறுவீட்டுக்கு வந்தா. அம்மாகிட்ட பேசுனா. பக்கத்து வீட்டு நாய்க்குட்டிகிட்டகூட பேசுனா. நான் தோசை ஊத்திப் போடப் போட, தட்டைப் பாத்தே தின்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. ஏன்னு கேக்குறீங்களா? அது தெரிஞ்சா நான் எதுக்கும்மா இந்தப் பஸ்ல உக்காந்திருக்கேன்? லீவு போட்டுட்டு வந்திருக்கேன். இன்னைக்குக் கேட்டே ஆகணும், பேசுறியா இல்லையான்னு. அவளை விட்டா எனக்கு யாரு இருக்கா சொல்லுங்க.

கார்ல ஏறும்போது ஒண்ணே ஒண்ணு சொன்னா. எல்லாரும் அழுதுக்கிட்டு நிக்கிறாங்க, இவ அழல. கண்ணாடியை இறக்கி என்னைப் பக்கத்துல கூப்பிட்டா. போயிட்டு வர்றேன்க்கான்னு சொல்லப் போறான்னு குனியிறேன். "இது உன் கல்யாணம்க்கா. என் கல்யாணம் இல்ல"ன்னா. கார் போயிருச்சு.

கேட்டீங்களா? ஆறு மாசம் நாயா அலைஞ்சவளுக்கு இதுதான் கூலி. நான் எனக்காகவா செஞ்சேன்?

எம்பேரு சுகந்தி. மதுரையில ஒரு பிரஸ்ல கம்ப்யூட்டர் வேலை. கல்யாணப் பத்திரிகை அடிக்கிறது. பதினாலு வருசமா அடுத்தவங்க கல்யாணத்தையே அடிச்சுக்கிட்டு இருக்கேன். அதே பிள்ளையார், அதே வாழைமரம், அதே "சுற்றமும் நட்பும் சூழ". பேரை மட்டும் மாத்துனா போதும். பாத்துப் பாத்து சலிச்சுப் போச்சும்மா. அதனால நல்லதா எதாச்சும் கண்ணுல பட்டா எடுத்து வெச்சுக்குவேன். ஒரு கோலம், ஒரு சேலைக் கலரு, எங்கயோ ஒரு பந்தல். பதினோரு வருசமா சேத்து வெச்சது, ஒரு ஃபோல்டர் பூராம் இருக்கு. ஃபோல்டருக்குப் பேரு என்னன்னா... என்னத்தயோ ஒரு பேரு வெச்சிருந்தேன். சும்மா அழகா இருக்கேன்னு சேத்ததுதான்.

எனக்கா? வந்துச்சும்மா, வராம என்ன. அமையல. அப்பா தவறுனப்ப தாரணி பத்தாவது. தாரணின்னா இவதான், தங்கச்சி. அம்மாவுக்கு அப்பவே முட்டிவலி. இவளைப் படிக்க வெச்சு, வேலைக்கு அனுப்பி, அப்புறம் பாத்துக்கலாம் அப்புறம் பாத்துக்கலாம்னு... அதை விடுங்க. எனக்கு முப்பத்தாறு ஆச்சு, இனிமே என்ன. இவளுக்கு அமைஞ்சுச்சு. பையன் பேரு ராஜகுரு, ஸ்கூல்ல லேப் அசிஸ்டென்ட். நல்ல பையன், சிரிச்ச முகம். நான்தான் சொன்னேன், எனக்காகக் காத்திருக்காத, முதல்ல உன்னுது நடக்கட்டும்னு.

கையில இருந்தது கொஞ்சம்தாம்மா. மண்டபம் எடுத்தா மண்டபத்துக்கே பத்தாது. தாரணி என்ன சொல்றா, "சின்ன மண்டபமா ஒண்ணு பாருக்கா. ஏசி இல்லாட்டிப் போகுது. வாசல்ல லைட்ல ரெண்டு பேரு பேரும் எரியணும். எல்லாருக்கும் ஐஸ்கிரீம் குடுக்கணும்"னு. அம்புட்டுதான் அவளுக்குத் தெரிஞ்சது. ஊரு பூராம் அதைத்தானேம்மா பண்றான்? நான் சொன்னேன், அடியே, காசு கம்மியா இருந்தா என்ன, பாத்தவங்க வாழ்நாளுக்கும் மறக்கக் கூடாது. நம்ம கல்யாணம் நம்மளை மாதிரி இருக்கணும்னேன். அவ "சரிக்கா"ன்னா. அவ எப்பவுமே சரிக்காதான் சொல்லுவா. அப்பவே வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல?

சோழவந்தான் பக்கம் ஓடாம கெடக்குற ரைஸ் மில்லு ஒண்ணு. ஓனரு எங்க பிரஸ்ல பில் புக்கு அடிக்கிறவரு. கேட்டேன், சும்மாவே குடுத்துட்டாரு, கூட்டிப் பெருக்கிக்கங்கன்னு. பெரிய ஓட்டுக் கொட்டகை, முன்னாடி நெல்லு காயப்போடுற களம். நாலு ஞாயித்துக்கிழமை நானும் பிரஸ்ல கூட வேலை பாக்குற பொண்ணுங்க ரெண்டு பேரும் போய்த் தவிடு கூட்டுனோம். தலையெல்லாம் தவிடு, மூக்கெல்லாம் தவிடு. மேடைக்குப் பின்னாடி பூ அலங்காரம் கேட்டா யானை விலை சொல்றான். அங்கதான் எனக்குத் தோணுச்சு. சோழவந்தான்ல எது மலிவு? வெத்தல! கொடிக்காலுக்கே போயி வாங்கி, நூல்ல கோத்து, மேல இருந்து கீழ வரைக்கும் சரஞ்சரமாத் தொங்க விட்டா? பச்சைப் பசேல்னு ஒரு திரை. உலகத்துல எவனாச்சும் வெத்தலையில திரை போட்டிருக்கானா?

இந்தாங்க, இந்தப் பக்கம் பாருங்க. பாத்தீங்களா? நாலாயிரம் வெத்தலம்மா. என் கட்டைவிரலப் பாருங்க, ஊசி குத்துன தழும்பு இன்னும் ஆறல.

பத்திரிகை, நானே பண்ணேன். போஸ்ட் கார்டு அளவுதான். நடுவுல ஒரே ஒரு வெத்தல, கீழ ரெண்டு பேரு, தேதி, இடம். பெரியப்பா சித்தப்பா பேரெல்லாம் வரிசையா போட்டா அழகு கெட்டுப் போகும்னு எடுத்துட்டேன். அதுக்குப் பெரியப்பா வரவே இல்ல. போறாரு விடுங்க. தாரணிதான் ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா, "பெரியப்பாதான் என்னைச் சைக்கிள்ல ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விட்டாரு, அவரு பேரு இல்லாம எப்படி"ன்னு. பேரு போட்டாத்தான் பாசமா? அப்புறம் அவளே அடங்கிட்டா.

பாட்டுக்கு மேளம் மட்டும்தான். மாப்பிள்ளையோட சேக்காளிங்க ஸ்பீக்கர் செட்டு கொண்டாந்தாங்க, டான்ஸ் ஆடணுமாம். திருப்பி வேன்ல ஏத்தச் சொல்லிட்டேன். ஐஸ்கிரீமுக்குப் பதிலா மண்பானையில நன்னாரி சர்பத்து. எம்புட்டு அழகா இருந்துச்சு தெரியுமா, வரிசையா பானை, மேல வெள்ளைத் துணி. ஆனா பாருங்க, சாப்பாடு முடிஞ்சு பொண்ணைக் காணோம். தேடிப் போனா, மில்லுக்குப் பின்னாடி ரோட்டோரமா ஐஸ் வண்டி. மாலையோட நின்னு கோன் ஐஸ் திங்கிறா, அவன் வாங்கிக் குடுத்து நிக்கிறான். ரெண்டு பேரும் என்னா சிரிப்பு! என்னைப் பாத்ததும் நிறுத்திட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லலம்மா. பட்டுல வடியுது, தொடைச்சுக்கன்னு மட்டும்தான் சொன்னேன். அன்னைக்கு பூராம் அவ சிரிச்ச மாதிரி ஒரு போட்டோவும் விழல, அந்த இடத்துல போட்டோக்காரன் இல்ல பாத்துக்கங்க.

சேலையா? இதுதான். மாம்பழக் கலரு, பச்சை பார்டர். வெத்தலைக்கு முன்னாடி நின்னா அப்படியே தூக்கிக் குடுக்கும்னு நான் தேடி எடுத்தது. ஏழு கடை ஏறி இறங்குனேன். தாரணி கடையிலயே முணுமுணுத்தா, "எனக்கு இந்தக் கலரு எடுக்காதுக்கா, உனக்குத்தான் எடுக்கும்"னு. அவளுக்கு ரோஸ் கலரு வேணுமாம். ரோஸ்! வெத்தலைக்கு முன்னாடி ரோஸ் நின்னா எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க.

ஆமாம்மா, கவனிச்சுட்டீங்களே. ஜாக்கெட் சிவப்பாத்தான் இருக்கு. சேலைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அந்தக் கொடுமையை என்னன்னு சொல்றது.

சேலையோட வந்த ஜாக்கெட் துணி பச்சை. கையில சின்னச் சின்ன வெத்தலை மாதிரி நூல் வேலை பண்ணச் சொல்லி, நானே வரைஞ்சு குடுத்து, நாகூர்க்கனி அண்ணன்கிட்ட தைக்கப் போட்டேன். எங்க தெருவுல டெய்லரு. இருபது வருசமா அவருகிட்டதான். அளவு ஜாக்கெட் குடுத்துட்டு வந்தேன். பத்து நாள் ஆச்சு, வாங்கியாந்து பாத்தா, அடடா, கண்ணுல ஒத்திக்கலாம். போட்டுப் பாருடின்னேன். இவளுக்கு ஆபீஸ்ல லீவு இல்ல, இவ வரும்போது நான் பிரஸ்ல இருப்பேன். அளவு குடுத்துதானே தைச்சிருக்கு, நாகூர்க்கனி அண்ணன் அளவு தப்புமான்னு நானும் விட்டுட்டேன்.

கல்யாணத்தன்னைக்குக் காலையில போடுறா. ஏறல. நான் ஒல்லிக்குச்சி, அவ அம்மா மாதிரி, கொஞ்சம் பூசுன உடம்பு. கை ஏறுனா கொக்கி மாட்டல, கொக்கியை இழுத்தா தோள்ல தெறிக்குது. ரெண்டு பேரு பிடிச்சு இழுக்குறோம். முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம் இருக்கு. சித்தி மக பையில ஒரு சிவப்பு ஜாக்கெட் இருந்துச்சு, அதைப் போட்டுக்கிட்டா. கழட்டிப் போட்ட பச்சை ஜாக்கெட்டை எடுத்து, மடிச்சு வைக்கப் போனவ நின்னா. அதை விரிச்சு என் தோள்ல வெச்சுப் பாத்தா. இந்தத் தோள்ல இருந்து இந்தத் தோள் வரைக்கும். மடிச்சு என் கையில குடுத்துட்டு, "சடை பின்னி விடுக்கா"ன்னா.

நான் நாகூர்க்கனி அண்ணனைத் திட்டிக்கிட்டே பின்னுனேன். மறுநா நேரா அவரு கடைக்குப் போனேன் சண்டை போட. அவரு அலமாரியில இருந்து பையை எடுத்து, உள்ள இருந்த அளவு ஜாக்கெட்டை எடுத்து மேசை மேல வெச்சாரு. என்னோடது. பீரோவுல ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கும்மா, அவசரத்துல கை மாறிப் போச்சு. யாருக்கும் நடக்குறதுதானே? அதுல என்ன இருக்கு?

புதுசா அதே மாதிரி துணி தேடி எடுத்து, அவ அளவு குடுத்து, அதே வேலை பண்ணி, இந்தா இந்தப் பையில இருக்கு. அவகிட்ட குடுக்கத்தான் கொண்டு போறேன். பழசா? அது வீட்ல இருக்கு. தைச்சது வீணாப் போகுதேன்னு ஒரு நா போட்டுப் பாத்தேன். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாங்க. கச்சிதமா இருந்துச்சும்மா. எங்கயும் ஒரு சுருக்கம் இல்ல. கண்ணாடி முன்னாடி நின்னு அழுதுட்டேன். ஏன்னு எனக்கே தெரியல. கூலியும் வேலையும் வீணாப் போச்சேன்னுதான் இருக்கும். அப்புறம் கழட்டி உள்ள வெச்சுட்டேன். அம்மாகிட்டகூட சொல்லல, உங்ககிட்ட சொல்றேன் பாருங்க.

ஆண்டிபட்டி கணவாயா இது? காத்து நல்லா வருது. தண்ணி குடிக்கிறீங்களா?

அவ என்னைச் செய்யச் சொல்லி எதுவுமே கேக்கலியான்னா... கேட்டா. ஒண்ணு கேட்டா. பத்திரிகை அடிச்ச அன்னைக்கு, ராத்திரிச் சாப்பாட்டுல கையை வெச்சுக்கிட்டே கேட்டா. "தாலி கட்டும்போது என் சடையை நீதான்க்கா தூக்கிப் பிடிக்கணும்"னு. தாலி முடிச்சுப் போடும்போது பின்னாடி நின்னு ஒருத்தர் சடையைத் தூக்கிப் பிடிப்பாங்கல்ல, அது. அவ ஒண்ணாப்பு போன நாள்ல இருந்து அவளுக்குச் சடை பின்னுறது நான்தான். மேடையில அம்மாவால நிக்க முடியாது, முட்டிவலி. சரிடி, பிடிக்கிறேன், இதுக்கென்ன இப்போன்னேன்.

பிடிக்கல. நான் பிடிக்கல. வேலை இருந்துச்சும்மா. வெத்தலைக்குத் தண்ணி தெளிச்சுக்கிட்டே இருக்கணும், இல்லாட்டி வாடிக் கறுத்துரும். மூட்டை ரூம்புன்னு ஒண்ணு, மேடைக்கு வலது பக்கம், அங்கதான் தெளிப்பானு, மிச்ச வெத்தல, தாம்பூலப் பையி எல்லாம். முகூர்த்தத்துக்குக் கால் மணி நேரம் இருக்கையில சித்தி வந்தாங்க. காதோட சொன்னாங்க. "சுகந்தி, நீ கொஞ்ச நேரம் உள்ள இருத்தா. மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைக மூத்தவ இவதானா, இவதானான்னு கேட்டுக்கிட்டே இருக்காக. தாலி ஏறுற நேரத்துல எதுக்கு வாய்ப் பேச்சு. சடையை நான் பிடிச்சுக்கிறேன்"னு. சித்தி தப்பா சொல்லலம்மா, நல்லதுக்குத்தான் சொன்னாங்க. அவங்க சொல்லலைன்னாலும் நான் உள்ளதான் போயிருப்பேன். தெளிப்பான்ல தண்ணி தீந்து போச்சு.

உள்ள போயி கதவைச் சும்மா சாத்திக்கிட்டு நின்னேன். மேளம் கேட்டுச்சு. கெட்டிமேளம் கேட்டுச்சு. தாம்பூலப் பையில தேங்காய் போட்டிருக்கா இல்லையான்னு ஒண்ணொண்ணா தொட்டுப் பாத்தேன். எல்லாத்துலயும் இருந்துச்சு. ரெண்டாம் தடவை பாத்தேன். அப்பவும் இருந்துச்சு. வெளிய வந்தப்ப எல்லாம் முடிஞ்சு, அரிசியைக் கூட்டிக்கிட்டு இருந்தாங்க. வந்தவங்க எல்லாரும் என்னைப் பாராட்டுறாங்க. இந்த மாதிரி கல்யாணம் பாத்ததே இல்லைங்கிறாங்க. ஒருத்தரு, "நீங்க இதையே தொழிலா பண்ணலாம்"னாரு. சந்தோசமாத்தான் இருந்துச்சு. கால்தான் தரையில நிக்கல, அம்புட்டு வலி.

தாரணிகிட்ட சொன்னேனா? எதை, சித்தி சொன்னதையா? ஐயோ, அதைப் போயி ஏம்மா சொல்லணும்? சொன்னா அழுவா. கல்யாணம் ஆன புதுசுல புள்ளைய அழ வைக்கிறதா. அன்னைக்கே கேட்டா, வேலை இருந்துச்சுடின்னுதான் சொன்னேன். "உனக்கு வெத்தலதான் முக்கியம்"னா. சரி, அப்படியே நினைச்சுக்கட்டும்.

நீங்க ஆல்பத்தைப் பாருங்க, நான் பேசிக்கிட்டே இருக்கேன். பக்கம் பூராம் நானே வடிவமைச்சது. ஓரத்துல பாருங்க, வெத்தலைக் கொடி ஓடுதா? ஆனா இந்த நடுப்பக்கம்தான் எனக்கு மனசே ஆறல. தாலி கட்டுற படம். இதுக்காகத்தானே ஆறு மாசம். திரை நல்லா விழுந்திருக்கு, மாப்பிள்ளை நல்லா இருக்காரு, முடிச்சுப் போடுறது தெளிவா இருக்கு. இவ பாருங்க. தலை குனிஞ்சு அடக்கமா இருக்கணுமா இல்லையா? கழுத்தைத் திருப்பி எங்கயோ பாத்துக்கிட்டு இருக்கா. சரி, ஒண்ணு இப்படி விழுந்திருச்சுன்னு போட்டோக்காரன்கிட்ட மத்ததை வாங்கிப் பாத்தேன். இருபத்தாறு படம் எடுத்திருக்கான். இருபத்தாறுலயும் இப்படித்தான். ஒரு படத்துல மாப்பிள்ளைகூட அவ என்னத்தைப் பாக்குறான்னு திரும்பிப் பாக்குறாரு. பிரஸ்ல உக்காந்து கம்ப்யூட்டர்லயே அவ தலையை நேராத் திருப்பி வைக்க முடியுமான்னு மூணு நாள் மல்லுக்கட்டுனேம்மா. எல்லாம் வருது, கண்ணு மட்டும் வர மாட்டேங்குது. எப்படி வெச்சாலும் அந்தப் பக்கமே பாக்குது.

நானா? இந்த ஆல்பத்துல நான் எங்கயும் இல்லம்மா. நல்லாப் பாத்துட்டேன். நாப்பது பக்கம், ஒண்ணுலகூட இல்ல. வேலை பாக்குறவளை யாரு படம் எடுப்பா.

இந்தா, உத்தமபாளையம் வந்துருச்சு. பாத்து இறங்குங்க, படி உசரம். உங்க பையை நான் தர்றேன், நீங்க முதல்ல இறங்குங்க. கண்டக்டரே, ஒரு நிமிசம் நிறுத்துங்க, அம்மா இறங்குறாங்க.

என்ன கேட்டீங்க? கேக்கல, சத்தமா சொல்லுங்க. யாரைத் தேடுறாளா? படத்துலயா? தாலி கட்டுற நேரத்துல யாரைம்மா தேடப் போறா, எல்லாரும் மேடையிலதானே இருந்தாங்க. அம்மா முன்னாடி உக்காந்திருந்தாங்க. சித்தி பின்னாடி நின்னாங்க. அந்தப் பக்கம் யாருமே இல்லியே. அந்தப் பக்கம் மூட்டை ரூம்பு கதவு மட்டும்தான்.

அங்க யாருமே இல்லம்மா. அங்க நான் மட்டும்தான் நின்னேன்.